முதல் நேர்காணலுக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டவை

எனக்கு விருத்தாசலம் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. 2009-ல், ஐ.டி. கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பொறியியல் முடித்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினேன். ஒன்பது இடத்தில் “சொல்லி அனுப்புறோம்” கேட்டபிறகு பத்தாவது இடத்தில் வேலை கிடைத்தது. இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். வருஷத்துக்கு நூறு பேருக்குக் குறையாமல் புதியவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும் என் வேலையில் ஒரு பகுதி. ஊரிலிருந்து தம்பி தங்கைகள் போனில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதிவைக்கிறேன். ஐ.டி. வேலையை மனதில் வைத்து எழுதியது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்குமேல் பொருந்தும்.

மொத்தம் எத்தனை சுற்று இருக்கும்? எதில் அதிகம் பேர் அடிபடுகிறார்கள்?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வழக்கமாக முதலில் ஆன்லைன் தேர்வு: கணக்கு, தர்க்கம், கொஞ்சம் ஆங்கிலம், ஒன்றிரண்டு நிரல் எழுதும் கேள்வி. அடுத்து டெக்னிக்கல் ரவுண்ட். கடைசியில் ஹெச்.ஆர்., அதாவது மனிதவளப் பிரிவோடு பேச்சு. சில இடங்களில் நடுவே குழு விவாதம் வைப்பார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் ஆன்லைன் தேர்வில்தான் கூட்டம் கரைகிறது. அதற்குக் குறுக்குவழி கிடையாது; தினம் ஒரு மணி நேரம் என்று மூன்று மாதம் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். நேரில் வந்து உட்கார்ந்தபிறகு அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அடிபடுகிறார்கள்: சொந்த ரெஸ்யூமில் சொந்தக் கையால் எழுதியதைப் பற்றிக் கேட்கும்போது.

அப்படியானால் ரெஸ்யூமில் எதை எழுதலாம், எதை விடலாம்?

புதியவர் என்றால் ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், திருமண நிலை, ஆதார் எண் எதுவும் தேவையில்லை. அடியில் ‘மேற்கண்ட தகவல்கள் அனைத்தும் உண்மை’ என்று இடம், தேதி போட்டுக் கையெழுத்திடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அதையும் எடுத்துவிடுங்கள், அந்த மூன்று வரியில் ஒரு உருப்படியான விஷயம் எழுதலாம். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். பிடித்த நடிகரின் பட்டப்பெயரும் 007-உம் சேர்த்துப் பத்தாவது படிக்கும்போது தொடங்கிய முகவரியிலிருந்து விண்ணப்பம் வந்தால் நாங்கள் நிராகரிக்க மாட்டோம். ஆனால் சிரிப்போம்.

‘தெரிந்த மொழிகள்: சி, சி++, ஜாவா, பைத்தான், எஸ்க்யூஎல், ஹெச்டிஎம்எல்’ என்று வரிசை கட்டாதீர்கள். எழுதிய ஒவ்வொரு சொல்லும் நீங்களே எங்களுக்கு எடுத்துக்கொடுக்கும் கேள்வி. இரண்டு எழுதுங்கள், அந்த இரண்டிலும் உள்ளே இறங்கி நிற்க முடியும் என்றால்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் என்ன சொல்வது? நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

தெரிகிறது. நாள் ஒன்றுக்கு எட்டுப் பேரைப் பார்த்தால் எட்டுப் பேரும் பெயர், ஊர், அப்பா தொழில், அம்மா இல்லத்தரசி, ஒரு தம்பி, பொழுதுபோக்கு கிரிக்கெட் பார்ப்பது என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். நடுவில் நான் ஒரு கேள்வி போட்டால் அறுந்துபோகிறது. மறுபடி ‘மை நேம் இஸ்’ஸிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

அந்தக் கேள்வி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பாதி சமயம் நாங்கள் உங்கள் ரெஸ்யூமை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்திருப்போம். படிக்க ஒரு நிமிஷம் வேண்டும். மீதிப் பாதிக்கு, அடுத்த கேள்விக்கு ஒரு கொக்கி வேண்டும். அந்தக் கொக்கியை நீங்களே மாட்டிவிடலாம். பெயரும் படிப்பும் ஒரு வரி. கடைசியாக எதைச் செய்தீர்கள், அதில் எந்தப் பகுதி உங்களுடையது என்று மூன்று நான்கு வரி. இந்த வேலை ஏன் என்று ஒரு வரி. ஒன்றரை நிமிஷத்தில் நிறுத்திவிடுங்கள். வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த ஐந்து விஷயம் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை அன்றைக்கு வாயில் வருவது வரட்டும்.

பிராஜெக்ட் பற்றி என்ன கேட்பார்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். புதியவர்களுக்கான நேர்காணலில் பாதி நேரம் இதிலேயே போய்விடும்.

முதலில் ஊரறிந்த ரகசியத்தைச் சொல்லிவிடலாம். இறுதியாண்டு பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். பிராஜெக்ட் சென்டரில் ஒரு சிடியும் கட்டிய அறிக்கையும் தருவார்கள். இப்போது சிடிக்குப் பதில் டிரைவ் லிங்க். ‘முகம் பார்த்து வருகைப் பதிவு’ என்ற பிராஜெக்டை மட்டும் நான் இதுவரை ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். நான் கேட்பது சின்னக் கேள்வி: “வருகையை எந்த டேபிளில் வைத்தீர்கள்? அந்த டேபிளில் என்னென்ன பத்தி இருக்கு?” டேபிள் என்பது தகவலைச் சேமித்துவைக்கும் அட்டவணை, பத்தி அதன் நெடுவரிசை. அவ்வளவுதான், அறை அமைதியாகிவிடும். ஏசி சத்தம் கேட்கும். “நாலு பேர் டீம் சார், அந்த மாட்யூல் இன்னொருத்தர் பண்ணினார்” என்பார்கள். அந்த இன்னொருத்தரையும் அதே நாளில் நான் பார்த்திருக்கிறேன். அவரும் இன்னொருத்தரைத்தான் காட்டினார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. போன வருஷம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கல்லூரி பிராஜெக்டைக் கேட்டேன்; “அது வாங்கினது சார்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சரி, நீங்களாகச் செய்தது ஏதாவது உண்டா என்றேன். கொஞ்சம் தயங்கி, “அப்பா மளிகைக் கடை வச்சிருக்கார். கடன் நோட்டை எக்ஸெல்ல போட்டேன், அப்புறம் எஸ்க்யூஎல்லுக்கு மாத்தினேன்” என்றார். எஸ்க்யூஎல் என்பது தகவலை டேபிள்களில் வைத்துக் கேட்டு எடுக்கும் மொழி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என்ன பத்தியெல்லாம் வைத்தீர்கள்? பெயர், தேதி, சரக்கு, தொகை, கட்டியது, பாக்கி. இரண்டே நாளில் கணக்குக் குழம்பியதாம்: தெருவில் மூன்று செல்வம். ஒரு செல்வம் கட்டிய பணம் இன்னொரு செல்வத்தின் பாக்கியில் கழிந்துவிட்டது. அப்பா நோட்டில் ‘டெய்லர் செல்வம்’, ‘ரைஸ்மில் செல்வம்’, ‘நெட்டைச் செல்வம்’ என்று எழுதி வைத்திருந்திருக்கிறார். இவர் அதை வெறும் செல்வம் ஆக்கிவிட்டார். அப்புறம் போன் நம்பரை வைத்துப் பிரித்தாராம். ஒரு வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் ஒரே போன் என்று தெரிந்தபிறகு, அதையும் விட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்திருக்கிறார்.

பிரைமரி கீ, அதாவது டேபிளின் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் பத்தி, என்றால் என்ன என்று நான் கேட்கவே இல்லை. அவர் சொல்லி முடித்துவிட்டார், அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமலேயே. ஆளை எடுத்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு கடன் நோட்டு இருக்கும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, கோயில் திருவிழா வரிவசூல், உள்ளூர் கிரிக்கெட் டீமின் ஸ்கோர், எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு வாரம் ஒதுக்கிச் செய்யுங்கள். எங்கே குழம்பியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். நேர்காணலில் விலைபோவது அந்தக் குழப்பம்தான்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அதனாலேயே பயமாக இருக்கிறது, அண்ணா.

எனக்கும் வராமல்தான் இருந்தது. முதல் நேர்காணலில் ‘பீரியட்’ என்பதைக் கல்லூரி வகுப்பு நேரம் என்று நினைத்து ‘நோட்டீஸ் பீரியட்’ (வேலையை விடுவதாகச் சொன்னபிறகும் வேலைசெய்ய வேண்டிய காலம்) பற்றிக் கேட்டவருக்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் சில ராத்திரி நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். வாடிக்கையாளரோடு தினம் பேச வேண்டிய வேலை என்றால் ஆங்கிலம் வேண்டும். அங்கே அது தகுதி. நிரல் எழுதும் வேலைக்கும் சோதனை செய்யும் வேலைக்கும், நீங்கள் சொல்வது எங்களுக்குப் புரிந்தால் போதும். இலக்கணம் பிசகினால் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. நீங்கள் பெரிய வாக்கியமாகக் கட்ட முயன்று நடுவழியில் மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை. சின்ன வாக்கியம் பேசுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம்.

சென்னை, கோவையில் பெரும்பாலான நேர்காணல் குழுவில் ஒருவராவது தமிழர் இருப்பார். திணறும்போது, இந்த ஒன்றை மட்டும் தமிழில் விளக்கலாமா என்று கேட்கலாம். நான் எப்போதும் சரி என்பேன். எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆரம்பத்திலிருந்தே தமிழில் பேசுவதைவிட, ஆங்கிலத்தில் தொடங்கி, சிக்கலான இடத்தில் அனுமதி கேட்டு மாறுவது நல்லது.

பயிற்சிக்கு: தினம் பத்து நிமிஷம் உங்கள் பிராஜெக்டை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லி போனில் பதிவுசெய்து கேளுங்கள். முதல் வாரம் காது கூசும். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன்பயிற்சித் திட்டம் 2022-ல் தொடங்கியது. உங்கள் கல்லூரியில் அதன் வகுப்புகள் நடந்தால் வருகைக்காக மட்டும் போய் உட்காராதீர்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால்?

தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். “இது தெரியவில்லை; இதற்குப் பக்கத்தில் இது தெரியும், அதை வைத்து யோசித்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்பவரை எந்தக் குழுவும் விரட்டாது. சம்பளப் பட்டியலில் இரண்டாவது பெரிய சம்பளத்தை எடுக்கும் எஸ்க்யூஎல் கேள்வி நாங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்த ஒன்று. வரி சரியாக நினைவில்லை என்றால், “முதலில் பெரியதைக் கண்டுபிடிப்பேன், அதைவிடச் சின்னவற்றில் மறுபடி பெரியதைத் தேடுவேன்” என்று வாயால் சொன்னாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இந்த விஷயத்தில் பாதிக் கிணற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

என்னிடம் அரியர் இருந்தது. மறைக்கலாமா?

கூடாது. மதிப்பெண் பட்டியலில் எத்தனையாவது முயற்சியில் தேறினீர்கள் என்பது தெரிந்துவிடும். இப்போது நிலுவையில் அரியர் உண்டா, முன்பு இருந்து முடித்தீர்களா என்பது இரண்டும் வேறு. பல கம்பெனிகள் முதலாவதை மட்டும்தான் தடுக்கின்றன; சில இடங்களில் பத்தாவதிலிருந்தே 60 சதவீதம் வேண்டும் என்பார்கள். விளம்பரத்தில் அதைப் படித்துவிட்டுப் போங்கள். கேட்டால் ஒரே வரியில் காரணம், ஒரே வரியில் எப்போது முடித்தீர்கள். ‘அந்த வாத்தியாருக்கு என்னைப் பிடிக்காது’ வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு வருஷம் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தேன். அந்த இடைவெளியை எப்படிச் சொல்வது?

அப்படியே சொல்லுங்கள். “குரூப் 2, குரூப் 4 எழுதினேன், கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டேன்.” தமிழ்நாட்டில் கேள்வி கேட்கும் ஆளின் தம்பியோ மைத்துனரோ அதையேதான் செய்திருப்பார், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களுக்கு உண்மையில் உறுத்துவது வேறு: நாளைக்கே அறிவிப்பு வந்தால் இவர் விட்டுவிட்டு ஓடிவிடுவாரா? அதற்கு ஒரு பதில் வைத்திருங்கள். கடந்த ஆறு மாதத்தில் இந்தத் துறையில் எதையாவது படித்து முடித்திருந்தால், அதுதான் பதில். ‘இனி அரசு வேலையே வேண்டாம்’ என்று சத்தியம் செய்யாதீர்கள், யாரும் நம்ப மாட்டோம்.

ஒரு கன்சல்டன்சியில் காசு கொடுத்தால் மூன்று வருஷ அனுபவச் சான்று தருகிறார்களாம்...

வேண்டவே வேண்டாம். இப்போது சேர்ந்தபிறகும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கிறது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில், வேலை மாறினாலும் மாறாத யு.ஏ.என். எண்ணில் நீங்கள் எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலைசெய்தீர்கள் என்ற வரலாறு கிடக்கிறது. மூன்று வருஷம் வேலைபார்த்தவருக்கு ஒரு மாதப் பங்களிப்புகூட இல்லை என்றால் கேள்வி வரும். சேர்ந்து எட்டு மாதம் நன்றாக வேலைசெய்த ஒரு பையனை இதற்காகவே அனுப்ப வேண்டி வந்தது. அறிவிப்பு மின்னஞ்சலில் நானும் ஒரு பெறுநர். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன உடை?

தேய்த்த சட்டை, பேண்ட், மூடிய காலணி. பெண்கள் சுடிதாரோ புடவையோ, எது பழக்கமோ அது. கோட்டு, டை வேண்டாம். மே மாதச் சென்னையில் நீங்கள் நனைந்துபோய் வருவதைப் பார்த்து எங்களுக்கே பாவமாக இருக்கும்.

வெளியூரிலிருந்து வருகிறேன். பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் ஆளைக் கவிழ்ப்பது இதுதான். தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் பெரும்பாலும் இப்போது கோயம்பேடு போவதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. இது வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் இருப்பது கேளம்பாக்கம். கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர். ‘பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிட்டேன் சார், சிப்காட் எங்கேன்னு தெரியலை’ என்று போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்கா என்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடியுங்கள். தரமணி டைடல் பார்க் என்றால் வேறு வழி. சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் பக்கம் மெட்ரோ வேலை நடக்கிற இடங்களில் வரைபடம் காட்டும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் முதல் நாளே வந்து யார் அறையிலாவது தங்குங்கள். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கி, பஸ் நிலையக் கழிவறையில் முகம் கழுவி, சட்டை மாற்றி வருகிறவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். நானும் அப்படி வந்தவன்தான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பதினொரு மணி நேர்காணலில் அந்த மூளை ஓடாது.

வாசலில் காவலர் அசல் அடையாள அட்டை கேட்பார். ஆதாரின் நகல் மட்டும் கொண்டுவந்து வெளியே நிற்காதீர்கள். பென் டிரைவ், லேப்டாப் இருந்தால் பதிவேட்டில் எழுதச் சொல்வார்கள். அதற்குப் பதினைந்து நிமிஷம்.

ஆன்லைன் நேர்காணல் என்றால் நிம்மதிதானே?

பாதி நிம்மதி. முதலில் அன்றைக்கு உங்கள் துணைமின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையா என்று பாருங்கள். செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும். பெரும்பாலும் காலை 9 மணிக்கு ஆரம்பித்துவிடும். அதே நாள் என்றால் முன்கூட்டியே ஹெச்.ஆருக்கு எழுதி நேரம் மாற்றிக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரட்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் எங்களுக்கு ஒரு கறுப்பு உருவம்தான் தெரியும். வீட்டில் மிக்ஸியையும் சீரியலையும் ஒரு மணி நேரத்துக்கு நிறுத்தச் சொல்லுங்கள். சேவல் கூவினால் பரவாயில்லை, அது எங்களுக்கும் பிடிக்கும்.

பக்கத்தில் இன்னொரு திரையில் சாட்ஜிபிடியைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது கண்ணில் தெரிகிறது. கேள்வி முடிந்ததும் நாலு நொடி மௌனம், கண் இடமிருந்து வலமாக ஓடும், பிறகு பாடப்புத்தகத் தமிழ்போல ஒரு பாடப்புத்தக ஆங்கிலம். நான் உடனே “அதை உங்க பிராஜெக்ட்ல எங்கே பயன்படுத்தினீங்க?” என்பேன். முந்தைய வாரம் அதனோடு கேள்வி–பதில் பயிற்சி செய்யுங்கள். நல்ல வாத்தியார் அது. பரீட்சை ஹாலுக்குள் கூட்டிவராதீர்கள்.

உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால்?

‘அதிகமாக உழைப்பதுதான் சார்’ வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். சின்னதாக, உண்மையாக, நீங்கள் சரிசெய்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேசத் தயங்குவேன், இப்போது வகுப்பில் மாதம் ஒருமுறை பேச ஆரம்பித்திருக்கிறேன் என்பது போதும். சொல்லப்போனால் இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கே இதில் பெரிய நம்பிக்கை கிடையாது.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால்?

புதியவர் என்றால் பெரும்பாலும் தொகை முன்பே முடிவானது. “இந்தப் பணிக்கு நிறுவனம் வைத்திருக்கும் அளவு என்னவென்று சொன்னால் நல்லது” என்று திருப்பிக் கேட்கலாம். அனுபவம் உள்ளவர் என்றால் ஒரு எண்ணோடு போங்கள்; ‘நீங்க பார்த்துக் குடுங்க சார்’ என்றால் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

அதைவிட முக்கியம், சி.டி.சி. என்ற தொகையை, அதாவது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத்தை, பிரித்துப் பார்ப்பது. வருஷத்துக்கு 3,60,000 என்றதும் மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். அதில் 36,000 மாறும் ஊதியம். வருஷக் கடைசியில், அதுவும் மதிப்பீட்டைப் பொறுத்து. அடிப்படைச் சம்பளம் மாதம் 12,500 என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், வருஷத்துக்கு 18,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று 4.81 சதவீதம், சுமார் 7,200. மருத்துவக் காப்பீடு 6,000 என்று வைத்துக்கொள்வோம். இதெல்லாம் கழித்தால் மாதம் சுமார் 24,400. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,500, தொழில்வரி இருநூற்றுச் சொச்சம். கையில் வருவது சுமார் 22,700. வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு வராது.

துரைப்பாக்கத்தில் பேயிங் கெஸ்ட் வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு என்ன அனுப்ப முடியும் என்று இந்தத் தொகையை வைத்துக் கணக்கிடுங்கள். ஆஃபர் லெட்டரில் பிரிவுப் பட்டியல் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கேட்பதால் ஆஃபர் போகாது.

பாண்டு போடச் சொல்கிறார்கள். அசல் சான்றிதழையும் கேட்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு விஷயம். பாண்டு, அதாவது இத்தனை வருஷத்துக்குமுன் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம், செல்லவே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, பதவி வேறு. இருந்தாலும் கையெழுத்துப் போடுமுன் எத்தனை வருஷம், எவ்வளவு தொகை, பயிற்சிக் காலம் அதில் சேருமா என்று படியுங்கள். உங்கள் ஒரு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவது வழக்கமானது. வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்வோம் என்றால் கொடுக்காதீர்கள். நான் முதலில் சேர்ந்த சின்னக் கம்பெனியில் என் டிகிரியை ஒன்றரை வருஷம் வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட் எடுக்க வேண்டியபோது அதற்காக நாலு முறை நடையாய் நடந்தேன்.

வேலைக்குச் சேர முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. ஒழுங்கான நிறுவனம் வேலை தருவதற்குப் பணம் வாங்காது. பெரிய கம்பெனி பெயரில், ஆனால் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் ஆஃபர் லெட்டரும் இதே வகைதான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது, போன பணத்தைப் பாதி வழியில் நிறுத்தவாவது பார்ப்பார்கள்.

‘எப்போது கல்யாணம்?’ என்று கேட்கிறார்கள், அண்ணா. என்ன சொல்வது?

இது பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி. கேட்கக் கூடாத கேள்வியும்கூட. கல்யாணம், குழந்தை, கணவர் ஊர் எதுவும் வேலைத் தகுதி இல்லை. மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். அந்தக் கணக்கைத்தான் சிலர் மனதுக்குள் போடுகிறார்கள். சண்டைக்குப் போக வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். “வேலை நேரம், இடமாற்றம் பற்றித் தெரிந்துகொள்ளக் கேட்கிறீர்கள் என்றால், எனக்கு ஷிஃப்ட் சம்மதம்” என்று வேலைக்கு இழுத்து வாருங்கள். மறுபடியும் அதையே தோண்டினால், அந்த அலுவலகத்தில் மற்ற நாள் எப்படி இருக்கும் என்பதை இலவசமாகக் காட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எந்தத் தெரு, உங்க ஆளுங்க யாரு’ என்று சுற்றி வளைப்பவர்களுக்கும் இதேதான்.

‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றால்?

இரண்டு கேளுங்கள். முதல் ஆறு மாதம் என்ன வேலை தருவீர்கள்? என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்கள்? இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் எனக்கு நினைவில் நிற்கிறார்கள். லீவு எத்தனை நாள் என்பதை ஹெச்.ஆரிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

“சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள். பதினைந்து நாளாகிறது. போன் செய்யலாமா?

ஒரு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல்: பெயர், நேர்காணல் தேதி, எந்தப் பணி, முடிவு தெரிந்தால் தெரிவிக்கவும். நாலு வரி. இன்னும் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்குமேல் வேண்டாம். கேள்வி கேட்டவரின் சொந்த எண்ணைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் ‘குட் மார்னிங்’ அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், பூங்கொத்துப் படத்தோடு.

பதில் வராததற்கு நீங்கள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஆள் எடுக்கும் அனுமதி மேலே நின்றுபோயிருக்கும், அல்லது முதலில் தேர்வானவர் சேருவாரா என்று காத்திருப்பார்கள். சேர வேண்டிய நாளில் வராமல் போகிறவர்கள் நிறைய. அப்போது பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம். என்னைப் பத்தாவது இடத்தில் கூப்பிட்டது அப்படித்தான், நாற்பது நாள் கழித்து, அறுவடை நேரத்தில். போன் மணி டிராக்டர் சத்தத்தில் கேட்கவில்லை, அம்மாதான் எடுத்து “அவன் வயல்ல இருக்கான், யாரு நீங்க?” என்று கேட்டு, அந்த நம்பரைக் காலண்டரில் குறித்து வைத்தார். அதனால் ரெஸ்யூமில் இரண்டாவது எண் ஒன்று கொடுங்கள். அதை எடுக்கிறவர் கையில் ஒரு பேனாவும் இருக்கட்டும்.